பழைய சைக்கிளுக்கு மட்கார்டு: போல்ட்டால் இழுக்காதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி தன் தாத்தாவின் சைக்கிளுக்குப் புது அலுமினிய மட்கார்டு மாட்டிக்கொண்டிருந்தார். ஸ்பேனரைத் திருகத் திருக, விலகி நின்ற மட்கார்டு வளைந்துபோய்ச் சட்டத்தோடு ஒட்டியது. "கச்சிதமா உட்கார்ந்துடுச்சு அண்ணே" என்றார். எனக்குப் பகீரென்றது. இருபது வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு, அதே இடத்தில்.

நட்டை இறுக்க மறப்பது, கம்பியை இடம் மாற்றி மாட்டுவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அதெல்லாம் ஒரு சுற்று ஓட்டினாலே தெரிந்துவிடும்.

அளவைப் பெயரால் வாங்குவது

பழைய சைக்கிளில் "26" என்று இருந்தால் அது எந்த 26 என்று பாருங்கள். 26 × 1⅜ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 590 மில்லிமீட்டர். மலைச் சைக்கிளின் 26 அங்குல ரிம் 559. பெயர் ஒன்றுதான், சக்கரம் வேறு. 28 × 1½ என்றால் 635. டயரில் காற்றை முழுதாக அடித்துவிட்டு, அகலத்தை அளந்து, அதைவிட 8 முதல் 10 மில்லிமீட்டராவது அகலமான மட்கார்டாக வாங்குங்கள்.

சக்கரத்தைச் சரிசெய்யாமல் ஆரம்பிப்பது

பழைய சட்டங்கள் பலவற்றில் பின் அச்சு உட்காரும் வாய் நீளமாக இருக்கும். செயினின் தொய்வை எடுக்கச் சக்கரத்தைப் பின்னால் இழுத்தால், மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே உள்ள இடைவெளியும் மாறிவிடும். அதனால் கோட்டம் எடுப்பது, செயின் மாற்றுவது எல்லாம் முதலில். மட்கார்டு அப்புறம்.

இடைவெளியைப் போல்ட்டால் மூடுவது

இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பின் மட்கார்டை மூன்று இடங்களில் பிடிக்கிறோம்: பெடல் அச்சுக்குப் பின்னால் இருக்கும் கீழ்க் குறுக்குத் தண்டு, பிரேக் பக்கத்து மேல் குறுக்குத் தண்டு, பிறகு பின் அச்சின் பக்கத்திலிருந்து மட்கார்டைத் தாங்கும் தாங்கு கம்பிகள். மட்கார்டு ஒரே வளைவில் செய்யப்பட்டது. சட்டத்தைச் செய்தவர் இந்தக் குறிப்பிட்ட மட்கார்டை நினைத்துத் தண்டுகளை வைக்கவில்லை. அதனால் பெரும்பாலும் கீழ்த் தண்டில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். போல்ட்டைப் போட்டு இழுத்தால் இடைவெளி மறையும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் அந்த நொடியிலிருந்து மட்கார்டு இழுத்துக் கட்டிய வில்.

இனி ஒவ்வொரு குழியிலும் விழும் அதிர்ச்சி அந்த இழுவிசையோடு சேர்ந்து துளையின் ஓரத்தில் போய் விழுகிறது. எஃகு என்றால் ஓர் எல்லைக்குள் எத்தனை முறை அதிர்ந்தாலும் தாங்கிக்கொள்ளும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சின்ன அதிர்வானாலும் மாதக்கணக்கில் தொடர்ந்தால் விரிசல் விடும். துளை போட்ட பிசிறை அரத்தால் தேய்க்காமல் விட்டிருந்தால் விரிசல் அங்கேதான் முதலில் தொடங்கும்.

என் சைக்கிளில் முதலில் ஒரு சத்தம் மட்டும் வந்தது, டப்பாவுக்குள் காசு குலுங்குவது மாதிரி. போல்ட் தளர்ந்துவிட்டது என்று நினைத்து இன்னும் முறுக்கினேன். ஒரு மழை இரவில் மேல் தண்டுத் துளையில் மட்கார்டு குறுக்கே கிழிந்து, பின்பாதி டயரின் மேல் விழுந்தது. மட்டமான தகடு என்று திட்டிவிட்டு, விலை கூடிய வேறொன்றை வாங்கி அதையும் அப்படியே முறுக்கினேன். அதுவும் அதே துளையில் கிழிந்தது. இரண்டு ஜோடிக்கான பணம் போன பிறகுதான் குற்றம் தகட்டில் இல்லை என்று புரிந்தது. இன்றும் யாராவது ஸ்பேனரால் மட்கார்டை வளைப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, எப்படிச் செய்வது? எல்லா போல்ட்டையும் விரலால் மட்டும் திருகி, மட்கார்டு தானாக எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இடைவெளி இருந்தால் அதை நிரப்புங்கள். வாஷர்களை அடுக்கலாம், சின்னக் குழாய்த் துண்டையோ மரக்கட்டையையோ வெட்டி வைக்கலாம். தகடு படும் இடத்தில் தோல் வாஷரோ ரப்பரோ கொடுங்கள். வளைவே பொருந்தவில்லை என்றால் தொடையில் வைத்துக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி வளையுங்கள். இறுக்கி முடித்ததும் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றிப் பாருங்கள். மட்கார்டு அசையாமல் நின்றால் சரி. துள்ளி விலகினால் இன்னும் இழுவிசை இருக்கிறது. தம்பியின் சைக்கிளில் கீழ் போல்ட்டைக் கழற்றியதும் இரண்டு விரல் தூரம் துள்ளியது. ஒரு மரத்துண்டை இழைத்து வைத்த பிறகு அடங்கியது.

செயின் பக்கத்தில் நீள போல்ட்

தாங்கு கம்பியைச் சட்டத்தில் பிடிக்கும் போல்ட்டின் நுனி உள்ளே நீட்டினால் செயினில் உரசும். குட்டை போல்ட் போடுங்கள்.

கம்பியை முதலிலேயே வெட்டுவது

தாங்கு கம்பியில் மிச்சமாக நீட்டுவதைக் கடைசியில் வெட்டுங்கள்.

முன் சக்கரத்தை அசட்டை செய்வது

முன் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் ஒரு குச்சி சிக்கினால், தகடு மடங்கிச் சக்கரத்தைப் பூட்டிவிடும். ஓட்டுபவர் தலைக்குப்புற விழுவார். இழுத்தால் கழன்றுகொள்ளும் கிளிப் உள்ள கம்பிகள் கிடைத்தால் முன்னால் அவற்றையே போடுங்கள். மாட்டியதும் சைக்கிளில் ஏறி, ஒரு பெடலை நேர் முன்னால் வைத்து, ஹேண்டில்பாரை அதற்கு எதிர்ப் பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். செருப்பின் நுனி மட்கார்டில் இடித்தால், கீழ் நுனியை இப்போதே கொஞ்சம் குறைத்து ஓரத்தை அரத்தால் மழுக்கிவிடுங்கள்.