முதியோர் இல்ல வேலை: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கை கழுவுவது, கையுறை மாற்றுவது எல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். பழைய ஆட்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் புதிதாகச் சேர்பவர்களும் சறுக்குகிறார்கள். அவற்றில் சில இங்கே.

அக்குளைப் பிடித்துத் தூக்குவது

அவர் தோளும் போகும், உங்கள் இடுப்பும் போகும்.

வைத்த தண்ணீரைக் குடித்ததாக எழுதுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டம்ளரை மேசையில் வைத்த கையோடு சார்ட்டில் 200 மி.லி. என்று எழுதிவிடுவார்கள். அடுத்த சுற்றில் வருபவர் ததும்பும் அந்த டம்ளரை எடுத்துக் கொட்டிவிட்டு, வேறொன்றை வைத்து இன்னொரு 200 போடுவார். ஒரு பெரியவர் கணக்கில் இப்படித்தான் தினமும் ஒன்றரை லிட்டர் ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் பேசினார், ராத்திரியெல்லாம் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். மருத்துவர் சார்ட்டைப் புரட்டினார். தண்ணீர் சரியாகத்தானே போகிறது, மறதி நோய் முற்றுகிறது போல என்றார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் உடம்பில் நீர் வற்றியிருந்தது தெரிந்தது. சார்ட் காலியாக இருந்திருந்தால்கூட யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்!

வயதானால் தாகமே சரியாகத் தெரியாது, கேட்டு வாங்கிக் குடிக்க மாட்டார்கள். சிலர் வேண்டுமென்றே குடிப்பதில்லை. மணி அடித்தும் கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஆள் வரவில்லை என்றால் யார்தான் குடிப்பார்கள்? (ஆள் பற்றாக்குறை நிர்வாகத்தின் தலைவலி, அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.) பக்கத்தில் நின்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வையுங்கள். விழுங்கச் சிரமப்படுபவருக்கு நர்ஸ் சொன்ன பதத்தில் மட்டும். டம்ளரில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்து, கழித்து எழுதுங்கள். குடிக்கவே இல்லையா, சரி, சைபர் போடுங்கள். உலர்ந்த நாக்கு, அடர்ந்த நிறத்தில் சிறுநீர் இரண்டையும் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். தோலைக் கிள்ளிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வயதானவர் தோல் எப்படியும் தளர்ந்துதான் இருக்கும்.

சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவது

அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு, படுக்கைப்புண்ணின் முதல் கட்டம். தேய்த்தால் உள்ளே இன்னும் சிதையும். அந்த இடத்தில் பாரம் விழாமல் திருப்பிப் படுக்க வையுங்கள். கருத்த தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, லேசாகத் தொட்டால் சூடோ கெட்டித்தன்மையோ தெரியும்.

சாப்பிட்டதும் படுக்க வைப்பது

அரைமணி நேரமாவது நிமிர்ந்து உட்காரட்டும்.

"எல்லாரும் நல்லா இருக்காங்க" என்று ஷிப்டை ஒப்படைப்பது

யார் சாப்பிடவில்லை, வழக்கமாக வம்பளப்பவர் யார் இன்று வாயே திறக்கவில்லை என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.