கசகசாவைக் கழுவி அரைப்பது எப்படி?

குருமாவுக்குக் கசகசா அரைக்கும்போது, ஊறவைத்த தண்ணீரையும் சேர்த்தே மிக்ஸியில் ஊற்றுவது பல வீடுகளில் பழக்கம். அந்தத் தண்ணீரைத்தான் கொட்ட வேண்டும்.

காரணம் இதுதான். ஓபியம் எடுக்கும் அதே செடியின் விதைதான் கசகசா. மார்ஃபின், கோடீன் போன்ற ஆல்கலாய்டுகள் (மயக்கம் தரும் செடிச்சத்துகள்) அந்தக் காயின் பாலில் இருக்கின்றன; விதைக்குள் அநேகமாக இல்லை. அறுவடையில் காய் உடையும்போது பாலும் தூளும் விதைமேல் ஒட்டிக்கொள்கின்றன. மேலே ஒட்டியிருப்பதால் கழுவினால் பெரும்பகுதி போய்விடும்.

படி 1: இரண்டு டீஸ்பூன் கசகசாவை மெல்லிய துணியில் கொட்டி, குழாயடியில் பிடித்து அலசுங்கள். சாதாரண வடிகட்டி என்றால் பாதி விதை சிங்க்கோடு போய்விடும்.

படி 2: வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னொரு முறை அலசுங்கள்.

படி 3: துணியில் பரப்பி ஈரம் போனதும், சிறு தீயில் வறுங்கள். லேசாகப் பொரிந்து வாசனை வந்ததும் இறக்கிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் கசந்துவிடும். சூட்டிலும் ஆல்கலாய்டு ஓரளவு குறையும். அப்புறம் தேங்காயோடு வழக்கம்போல அரைக்கலாம்.

சரி, எவ்வளவு சாப்பிடலாம்? ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு கிலோ கசகசாவில் மார்ஃபின் கணக்கில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒருவேளைக்கான பாதுகாப்பு அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவர் அந்த உச்சவரம்பில் உள்ள கசகசாவை 30 கிராம் சாப்பிட்டால்தான் அதைத் தொடுவார். குருமாவில் ஆளுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் 5 கிலோ குழந்தைக்கு 2.5 கிராமே போதும், அதாவது ஒரு டீஸ்பூன்கூட இல்லை. குழந்தை தூங்கட்டும் என்று கசகசாப் பால் கொடுப்பது வேண்டவே வேண்டாம். மூச்சு மந்தமாகும் ஆபத்து உண்டு. கழுவாத கசகசாவை ஊறவைத்து டீ போலக் குடித்து அமெரிக்காவில் பெரியவர்களே இறந்திருக்கிறார்கள்.

வேலைக்காகச் சிறுநீர்ப் பரிசோதனை இருந்தால், அதற்கு முன் சில நாள் கசகசா வேண்டாம். பரிசோதனையில் மார்ஃபின் காட்டக்கூடும்.

சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போகிறவர்களின் பெட்டியில் இதை வைக்காதீர்கள். இரண்டு இடத்திலும் தடை. வீட்டில் அரைத்த மசாலாப் பொடி கொடுத்தனுப்பினாலும் கசகசா இல்லாமல் அரையுங்கள். குழம்பு கெட்டியாக முந்திரி போதும்.