பழைய வீட்டு மராமத்தும் பிராண்ட் பொருளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை பிறந்துவிட்டால் காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளில் சாரம் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். கல்யாணம், மணிவிழா, முன்னோருக்குச் செய்யும் படைப்பு என்று ஏதாவது ஒன்று வரும்; அதற்குள் வீட்டைச் சரிசெய்ய வேண்டும். அந்தப் பொறுப்பு இப்போது பெரும்பாலும் சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வரும் பிள்ளைகள் கையில் இருக்கிறது. கடைக்குப் போய் "இருக்கிறதிலேயே நல்ல கம்பெனி எது?" என்று கேட்டு, விலை கூடியதை எடுத்து வந்துவிடுகிறார்கள். மராமத்து வேலையில் இருக்கும் நாங்களும் ஆரம்ப காலத்தில் அப்படி வாங்கியவர்கள்தான். அதே தவறுகள் திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். நாலு கடையில் விலை கேளுங்கள், பில் வாங்குங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

சிமென்டில் பெயரைப் பார்ப்பது

பெயரை விடுங்கள், தேதியைப் பாருங்கள். மூட்டையின் மேல் தயாரித்த வாரமும் வருடமும் அச்சிட்டிருக்கும். மூன்று மாதம் தாண்டியிருந்தால் எவ்வளவு பெரிய கம்பெனியானாலும் வேண்டாம். சாதாரணப் பூச்சு வேலைக்கு பி.பி.சி. என்ற சாம்பல் கலந்த சிமென்ட் போதும், உயர் வலிமையுள்ள 53 கிரேடுதான் வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டியதில்லை.

சுண்ணாம்புச் சுவருக்கு விலை கூடிய பெயின்ட் அடிப்பது

இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பணமும் போய், திரும்பக் கிடைக்காத ஒரு பொருளும் போகிற தவறு இது.

நம் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்தது. பூச்சும் சுண்ணாம்புதான். கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து, படிப்படியாகப் பல அடுக்குப் பூசி, கடைசி அடுக்கில் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. தரையிலிருந்து ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு இந்தச் சுவர்கள் பலவற்றில் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிச்சுவர் ஈரத்தை உறிஞ்சும். வெயில் வந்ததும் அந்த ஈரம் சுண்ணாம்பு வழியாகவே வெளியே போய்விடும். இத்தனை வருடமாகச் சுவர் நிற்பது இப்படித்தான்.

அதன்மேல் அக்ரிலிக் எமல்ஷன் என்ற பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால், நனைந்த உடம்போடு மழைக்கோட்டை மாட்டிக்கொண்ட கதைதான். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவரில் மேலே மேலே ஏறும். ஈரத்தோடு வரும் உப்பு பெயின்டுக்குப் பின்னால் பூக்கும். முதலில் கொப்புளம், அப்புறம் பெயின்ட் உரிவது, அப்புறம் பூச்சே பெயர்ந்து விழுவது. பெயின்டின் விலை கூடக் கூட அதன் படலமும் பொதுவாக இறுக்கமாகத்தான் இருக்கும். அதாவது, கூடுதல் பணம் கொடுத்து கூடுதல் கேடு வாங்குகிறோம்.

பள்ளத்தூரில் ஒரு வீடு. பாட்டியின் வீட்டை மணிவிழாவுக்காகப் பேரன் வந்து எடுத்துச் செய்தார். நல்ல பிள்ளை, செலவுக்கு அஞ்சவில்லை. முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை உயர்ந்த ரக எமல்ஷன். என்னை அழைத்தது கதவு, நிலை வேலைக்கு. உள்ளே நுழையும்போதே மெஷின் சத்தம். வளவின், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியின், சுவரைச் சாண்டர் வைத்து உரசிக்கொண்டிருந்தார்கள். மெருகாக இருந்தால், பெயின்டுக்கு முன் சுவரில் பூசும் புட்டி பிடிக்காதாம், அதனால் மெருகை எடுக்கிறார்களாம். "தம்பி, நிறுத்தச் சொல்லுங்க" என்றேன். "அண்ணே, பத்து வருஷம் வாரண்டி உள்ள பெயின்ட்ண்ணே" என்றார். அடிக்கப் போகிற பெயின்டுக்கு வாரண்டி பேசுகிறார். அதற்காக உரசிப் போட்ட பூச்சு அவருடைய தாத்தா பிறப்பதற்கு முன்பிருந்தே நிற்கிறது. இன்று நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

விழா நன்றாகவே நடந்தது. அடுத்த மழைக்காலம் முடிந்து போனபோது இடுப்பு உயரத்துக்குச் சுவர் முழுவதும் கொப்புளம். ஆச்சி சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல முகம் பாக்கலாமேப்பா முன்னயெல்லாம்" என்றார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வாரண்டித் தாளை எடுத்துப் பார்த்தோம். சுவரில் ஈரக்கசிவு இருந்தால் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருந்தது. பெயின்ட் வாங்குவதற்கு முன்பே அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பெயின்டர் சொன்னாரே என்று நம்பிவிடாதீர்கள். பல கம்பெனிகளின் பெயின்ட் வாளிக்குள் பெயின்டருக்கென்று டோக்கன் இருக்கும். அவரைக் குறை சொல்லவில்லை. அது அவருடைய வருமானம். ஆனால் அவருடைய பரிந்துரையை அதையும் சேர்த்து எடைபோட வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? மெருகு நன்றாக இருந்தால் ஈரத் துணியால் துடைத்துவிட்டு அப்படியே விடுங்கள். நாள்பட்ட சுவரில் தெரியும் பழுப்பு நிறம் அழுக்கு இல்லை. விரிசலுக்குச் சுண்ணாம்புச் சாந்து மட்டும். சிமென்ட் வேண்டாம், அது இறுகிப்போய் பக்கத்திலிருக்கும் பழைய பூச்சையும் பெயர்த்துக்கொண்டு வரும். மெருகு போன இடத்துக்கு நன்றாக ஊறவைத்த சுண்ணாம்பை வெள்ளையடிக்கலாம். ஏற்கெனவே எமல்ஷன் அடித்தாயிற்றா? கோடையில் உரித்துவிட்டு, சுவரை நன்றாகக் காயவிட்டு, அப்புறம் தொடுங்கள். சுண்ணாம்பு மலிவு. அந்த வேலை தெரிந்த கொத்தனார் கூலிதான் அதிகம், அவர்களும் குறைந்துவிட்டார்கள். பெயின்டுக்கு ஒதுக்கிய பணத்தை அவர் கையில் கொடுங்கள்.

ஆத்தங்குடிக் கல்லைக் கழுவ விளம்பர பாட்டில்

கூடாது. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து இறுகும் சிமென்ட் கல். டாய்லெட் கிளீனர் போன்ற அமிலம் பட்டால் அந்த மேல் பளபளப்பை அரித்துவிடும். வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

"ஆத்தங்குடி" என்ற பெயரும் இப்போது ஒரு பிராண்டாகிவிட்டது. பெயரை வைத்து விலை கொடுக்காமல், ஊருக்கே போய்ப் பட்டறையில் வார்ப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

பழைய கதவைக் கழற்றிவிட்டு பிராண்ட் கதவு

வேண்டாம். நீங்கள் எடைக்குப் போட்ட தேக்குக் கதவு, பழம்பொருள் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வேறொருவருக்கு நல்ல விலைக்குப் போகும்.

வயரில் மிச்சம் பிடிப்பது

பெயின்டுக்கு லட்சக்கணக்கில் கொடுத்தவர்கள், வயர் வாங்கும்போது மட்டும் பேரம் பேசுகிறார்கள். இங்கேதான் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும். பி.வி.சி. உறைக்குள் செம்பு எவ்வளவு, எப்படி என்று கண்ணால் பார்க்க முடியாது. பூச்சு போனால் திரும்பப் பூசலாம்; தேக்கு உத்தரமுள்ள வீட்டில் வயர் பற்றிக்கொண்டால் என்ன மிஞ்சும்? பெயர் பெற்ற கம்பெனி வயரையே அந்தக் கம்பெனியின் டீலரிடம் வாங்குங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் சி.எம்./எல். என்ற உரிம எண்ணை, அந்த முத்திரையைத் தரும் அரசு அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால், உரிமம் உண்மையா என்று காட்டும். மின்சாரம் மிஞ்சினால் தானாக அணையும் எம்.சி.பி. சுவிட்சுக்கும் இதே கதைதான்.

எல்லா அறைக்கும் விலை கூடிய மின்விசிறி

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பி.எல்.டி.சி. மோட்டார் உள்ள மின்விசிறி 30 வாட் அளவில் ஓடும். சாதாரணமானது 75 வாட் வரை இழுக்கும். தினமும் ஓடினால் கூடக் கொடுத்த பணம் கரண்ட் பில்லில் திரும்பி வரும். வருடத்தில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கும் வீட்டில் எப்படி வரும்? ஆச்சி இருக்கும் அறைக்கும் சமையல்கட்டுக்கும் மட்டும் அதை மாட்டுங்கள். நம் வீடுகளில் உத்தரம் உயரம். பெட்டியோடு வரும் ராடு எட்டாது. அளவெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.