மாநிறத் தோலுக்கு லேசர், ஐபிஎல், ஆர்எஃப்: பெங்களூரில் சிட்டிங் போகும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

வேண்டாத முடியை எடுக்கப் பயன்படும் லேசரும் ஐபிஎல்லும் (பளிச்சென்று வெட்டும் விளக்கு ஒளி) கருமையைத் தேடிப் போகிறவை. முடியில் உள்ள மெலனின் என்ற நிறமி ஒளியை உறிஞ்சிச் சூடாகும். அந்தச் சூட்டில் வேர் கருகும். நம் தோலிலும் அதே மெலனின் தாராளமாக இருப்பதுதான் சிக்கல். வேருக்குப் போக வேண்டிய சூடு மேல்தோலிலேயே தங்கினால் கொப்புளம், பிறகு கறுப்புத் தழும்பு. ஆர்எஃப் (ரேடியோ அலைவரிசை மின்சாரம்) நிறம் பார்க்காது. மின்சாரம் தோலுக்குள் ஓடும்போது ஏற்படும் தடையால் சூடு உண்டாகிறது, தோலைத் தாங்கும் கொலாஜன் புரதம் இறுகுகிறது. எனவே முடிக்கு லேசர், தொய்வுக்கும் பருத்தழும்புக்கும் ஆர்எஃப். ஆர்எஃப் மட்டுமே வைத்து முடியை எடுத்துவிடுவதாகச் சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

பேக்கேஜ் விலைக்கு முன்னால் கேட்க வேண்டியது, மிஷினின் அலைநீளம். மாநிறத்துக்கும் அதைவிடக் கறுத்த தோலுக்கும் பாதுகாப்பானது 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர். அடுத்தது 810 நானோமீட்டர் டயோட். 755 அலெக்சாண்ட்ரைட் வெளுத்த தோலுக்கு அருமையாக வேலை செய்யும், நமக்கு எரிக்கும். ஐபிஎல் (மேட்ச் அல்ல, விளக்கு) லேசரே இல்லை. ஏறக்குறைய 500 முதல் 1200 நானோமீட்டர் வரை பல அலைநீளங்களை ஒன்றாக அள்ளி வீசும் ஒளி அது. அதன் குறுகிய அலைகளை மேல்தோலே விழுங்கிக்கொள்ளும். கறுத்த தோலில் முடிக்காக ஐபிஎல் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மங்கு இருக்கும் கன்னத்தில் நிச்சயமாக வேண்டாம், மங்கு இன்னும் கறுக்கும்.

இன்னொரு கேள்வி பல்ஸ் நேரம், அதாவது ஒளி ஒரு முறை பாயும் நேரம். ஒரே அளவு ஆற்றலை 5 மில்லிசெகண்டில் கொட்டுவதும் 30 மில்லிசெகண்டுக்கு மேல் நிதானமாகக் கொடுப்பதும் ஒன்றல்ல. நீண்ட பல்ஸில் மேல்தோல் இடையிலேயே ஆறிக்கொள்ளும், கனமான முடி ஆறாது. அலைநீளம், ஜூல் (ஆற்றல் அளவு), பல்ஸ் நேரம் மூன்றையும் ஒவ்வொரு சிட்டிங்கிலும் ஒரு அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். அல்சூரிலிருந்து வைட்ஃபீல்டுக்கு வீடு மாறி வேறு கிளினிக் போனால் அந்த அட்டைதான் கைகொடுக்கும். கர்நாடகத்தில் தனியார் கிளினிக் என்றால் கேபிஎம்இ (கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டம்) பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்க வேண்டும். அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

முகவாயிலும் தாடையிலும் திடீரென முடி தடித்து வளர்ந்தால், மாதவிடாயும் தள்ளிப் போனால், முதலில் பிசிஓடி, தைராய்டு, டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனை. காரணம் உள்ளே இருக்கும்போது லேசர் ஒரு பக்கம் எடுக்க எடுக்க இன்னொரு பக்கம் முளைக்கும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் தடவும் வெளுப்பு க்ரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது சகஜம். அதுவே முகத்தில் முடியை வளர்க்கும், தோலையும் மெலிதாக்கும். அப்படி எதையாவது தடவிவந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

சிட்டிங்குக்கு நான்கு வாரம் முன்பிருந்தே திரெடிங், வேக்ஸிங், பிடுங்குதல் கூடாது. வேரைப் பிடுங்கிவிட்டால் ஒளிக்கு இலக்கே இல்லை. ஷேவிங் செய்யலாம், அதுவும் முந்தின நாள் செய்தே தீர வேண்டும். தோலுக்கு வெளியே நீண்டிருக்கும் முடி அங்கேயே கருகித் தோலைச் சுடும். முகத்தில் ஷேவ் செய்தால் முடி தடித்துப் போகும் என்று அத்தை சொல்வார்கள். தடிக்காது, வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் அப்படித் தெரிகிறது.

மஞ்சள் பூசிக் குளிப்பவர்கள் ஒரு வாரம் நிறுத்துங்கள். கறை மேலே நின்றால் ஒளி அதிலும் படும். கையில் மருதாணி சிவப்பு முழுவதும் போகும்வரை அந்த இடத்தில் லேசர் கிடையாது. மச்சத்தின் மேலும் பச்சை குத்திய இடத்திலும் எப்போதும் இல்லை. வெள்ளை பென்சிலால் வட்டமிட்டு மறைக்கச் சொல்லுங்கள். நரைமுடியில் மெலனின் இல்லாததால் எத்தனை சிட்டிங் போட்டாலும் பணம்தான் போகும். அதற்கு எலக்ட்ராலிசிஸ் (மெல்லிய ஊசி வழியே மின்சாரம் விட்டு வேரை அழிப்பது).

பெங்களூர் வெயில் ஏமாற்றும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உள்ள ஊர். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் சில்க் போர்டு சிக்னலில் ஸ்கூட்டரில் நிற்கும்போது முழங்கை கறுப்பது தெரியாது. கறுத்த கையோடு போனால் சிட்டிங்கைத் தள்ளிவைப்பதே சரி. முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரம் முழுக்கை சட்டை, எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன்.

முதல் நாளே முழுப் பகுதியையும் செய்ய விடாதீர்கள். காதுக்குக் கீழே சிறு இடத்தில் டெஸ்ட் பேட்ச் போட்டு இரண்டு வாரம் பாருங்கள். நம் தோலில் கறுப்பு உடனே வராது, தாமதமாகத்தான் வரும்.

சிட்டிங்கின்போது கண்ணைக் காக்கும் கண்ணாடி கட்டாயம். கண் குழியின் எலும்புக்கு உட்பட்ட இடத்தில், புருவத்தின் அடிப்பகுதி உட்பட, லேசர் கூடவே கூடாது. கருவிழிப் படலம் பாதிக்கப்படும். சில நிமிடங்களில் ஒவ்வொரு முடித்துளையைச் சுற்றியும் சிறு சிவந்த மேடு எழ வேண்டும். ஒன்றுமே எழவில்லை என்றால் ஆற்றல் போதவில்லை. தாடையிலும் கழுத்திலும் அரைகுறைச் சூடு பூனைமுடியை எழுப்பித் தடிமனாக்கிவிடுவதும் உண்டு, நம் பெண்களிடம் இது அதிகம். மாறாக ஹேண்ட்பீஸ் (தோலில் வைக்கும் கைப்பிடிக் கருவி) நுனியின் வடிவத்திலேயே சதுரமாகக் கறுத்தாலோ, தோல் சாம்பல் நிறமானாலோ, சுட்டெரிந்தாலோ உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று: கூலிங் வேலை செய்யவில்லை, நுனியில் கருகிய முடி ஒட்டியிருக்கிறது, அல்லது ஒரே இடத்தில் பல்ஸ் மேல் பல்ஸ் விழுந்திருக்கிறது. துணியில் சுற்றிய ஐஸ் பேக் பத்து நிமிடம், பிறகு டாக்டர் எழுதித் தரும் களிம்பு. காய்ந்த பொருக்கை உரித்தால் கறை மாதக்கணக்கில் நிற்கும்.

ஒன்று முதல் மூன்று வாரத்தில் கருகிய முடி தானாக உதிரும். அது மறுபடி வளர்கிறது என்று நினைத்துப் பிடுங்காதீர்கள். வளரும் பருவத்திலுள்ள முடி மட்டுமே சாகும் என்பதால் முகத்துக்கு 4 முதல் 6 வாரம், கை கால் அக்குளுக்கு 6 முதல் 8 வார இடைவெளியில் ஆறு முதல் எட்டு சிட்டிங் ஆகும். தை மாதக் கல்யாணம் என்றால் முகத்துக்குப் பங்குனியிலேயே தொடங்கினால்தான் கடைசி சிட்டிங்குக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே ஒரு மாதம் கிடைக்கும். முடி பெருமளவு குறையும், அடியோடு போகாது. பிறகு ஆண்டுக்கு ஒன்றிரண்டு சிட்டிங் தேவைப்படலாம்.

ஆர்எஃப்பில் இரண்டு வகை. ஊசி இல்லாதது லேசான தொய்வுக்கு. ஜெல் தடவி, ஹேண்ட்பீஸை நகர்த்திக்கொண்டே இருந்து, மேல்தோலை 40 முதல் 42 டிகிரியில் சில நிமிடம் நிறுத்துவார்கள். ஜெல் காய்ந்தாலோ, நுனி சாய்ந்து பாதிதான் தொட்டாலோ சுள்ளென்று ஒரு புள்ளியில் சுடும். பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லுங்கள். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது. தோடு, மூக்குத்தி, சங்கிலி எல்லாம் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் கழுத்துக்குச் செய்துகொள்ளாமல் இருப்பதே நல்லது.

பருத்தழும்புக்கு மைக்ரோநீடில் ஆர்எஃப், அதாவது நுண்ணூசிகள் வழியே தோலுக்குள் கொடுக்கும் ஆர்எஃப். மரத்துப்போகும் க்ரீம் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம், பிறகு சுத்தமாகத் துடைக்க வேண்டும். கன்னத்தில் 1.5 முதல் 2.5 மி.மீ. ஆழம், நெற்றியில் எலும்பு அருகில் இருப்பதால் அதைவிடக் குறைவு. ஊசி டிப் பாக்கெட்டை உங்கள் கண்முன் பிரிக்க வேண்டும், ஒரு டிப் ஒரே ஆளுக்கு. டிப் விலை அதிகம் என்பதால் இதில்தான் கஞ்சத்தனம் நடக்கும், இதில்தான் தொற்றும் வரும். புள்ளிப்புள்ளியாகக் கட்டம் போட்ட பொருக்கு மூன்று முதல் ஐந்து நாளில் உதிரும். முதல் 24 மணி நேரம் மேக்கப் கிடையாது. 4 முதல் 6 வார இடைவெளியில் மூன்று நான்கு சிட்டிங். கொலாஜன் மெதுவாகத்தான் கட்டும் என்பதால் முழுப் பலன் கடைசி சிட்டிங்குக்குப் பிறகு மூன்று மாதத்தில்தான் தெரியும். அதற்குள் இன்னொரு பேக்கேஜுக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்.