நீரிழிவில் ரத்தக்குழாய்ச் சேதத்தை ஆராய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார். ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களை அதிகக் குளுக்கோஸில் 24 மணி நேரம் வளர்த்தால் பச்சை ஒளிர்வு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஆக்சிஜனேற்ற எதிர்ப்பியான என்-அசிட்டைல் சிஸ்டீன் சேர்த்தால் பழைய அளவுக்கே இறங்கிவிடுகிறது. 'ஆக்சிஜனேற்ற அழுத்தம் நிரூபணம்' என்று, அதாவது செல்லைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகிவிட்டன என்று, படத்துக்கு அடியில் எழுதியிருந்தார். ஏறத்தாழ இதே வாசகத்துடன் நான் வரைந்த படமொன்று இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

கிருமித் தொற்று, நீர்த்தல் கணக்குப் பிழை போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை ஒருமுறை பட்டவர் தாமே திருத்திக்கொள்வார்.

சாயத்தின் ஒளிர்வை அப்படியே நம்புவது

அந்தப் பச்சை ஒளிர்வைத் தரும் டி.சி.எஃப். எனப்படும் சாயம் மலிவானது, பயன்படுத்த எளிதானது, அரை மணி நேரத்தில் ஓர் எண்ணைத் தந்துவிடுவது. செல்லுக்குள் நுழைந்ததும் எஸ்டரேஸ் நொதிகள் அதன் ஒரு பகுதியை வெட்டுகின்றன. பின்னர் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் அது பச்சையாக ஒளிர்கிறது. இதைப் படிக்கும் எவரும் அது ஹைட்ரஜன் பெராக்சைடை அளக்கிறது என்றே எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் ஹைட்ரஜன் பெராக்சைடு மட்டும் இருந்தால் அந்தச் சாயம் அநேகமாக அசைவதே இல்லை. இரும்பு அயனியோ, பெராக்சிடேஸ் நொதியோ, சைட்டோகுரோம் சி போன்ற, இரும்பைத் தாங்கிய ஹீம் புரதமோ இடையில் நின்றால்தான் வினை நடக்கும். சாகத் தொடங்கிய செல்லில் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி வெளியே கசிகிறது. அப்போது பெராக்சைடு துளியும் கூடாமலே ஒளிர்வு கூடும். இது போதாதென்று, சாயத்தின் இடைநிலைத் தனியுறுப்பு (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட வடிவம்) ஆக்சிஜனோடு சேர்ந்து தானே சூப்பர்ஆக்சைடு என்னும் வினைத்துடிப்பு மிக்க ஆக்சிஜன் வடிவத்தை உண்டாக்குகிறது. அளக்கப் போன கருவியே அளக்க வேண்டிய பொருளைத் தயாரித்துத் தருகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

என் கதை இதைவிட மோசம். 96 குழிகள் கொண்ட தட்டில் இடப்பக்கம் சாதாரணக் குளுக்கோஸ், வலப்பக்கம் அதிகக் குளுக்கோஸ் என்று ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில்தான் நிரப்புவேன். வேலை மேசையின் விளக்கு வலப்பக்கம் இருந்தது. எட்டு மாதங்கள், எண்ணற்ற தட்டுகள், மீண்டும் மீண்டும் அதே அழகான ஏற்றம். ஒரு நாள் செல்கள் தீர்ந்துபோனதால் கடைசி இரண்டு நிரல்களில் சீரம் கலந்த வளர்ப்பு ஊடகமும் சாயமும் மட்டுமே இருந்தன. அவையும் ஒளிர்ந்தன, அதுவும் பக்கத்து நிரலில் செல்கள் இருந்த குழிகளுக்குச் சற்றும் குறையாமல் ஒளிர்ந்தன. சீரத்தில் உள்ள எஸ்டரேஸ் சாயத்தை வெளியிலேயே வெட்டிவிட்டிருந்தது, விளக்கொளி அதை ஆக்சிஜனேற்றிவிட்டிருந்தது. அன்று மாலை ஒரு தட்டில் பக்கங்களை மாற்றி நிரப்பிப் பார்த்தேன். சாதாரணக் குளுக்கோஸில் இருந்த செல்களுக்கு 'நீரிழிவு' வந்துவிட்டது.

அப்படியானால் என்-அசிட்டைல் சிஸ்டீன் ஒளிர்வை ஏன் குறைத்தது என்று கேட்பார்கள். அது ஹைட்ரஜன் பெராக்சைடோடு மிக மெதுவாகவே வினைபுரியும். செல்லில் ஏற்கெனவே இருக்கும், பெராக்சைடை அகற்றும் பெராக்ஸிரெடாக்சின் நொதிகளின் வேகத்துக்கு அது ஈடுகொடுக்க முடியாது. ஆனால் சாயத்தின் தனியுறுப்பை அதனால் அணைக்க முடியும், செல்லின் சொந்த ஆக்சிஜனேற்ற எதிர்ப்பியான குளுட்டதயோன் அளவை உயர்த்த முடியும், வேறு பல வழிகளிலும் செல்லை மாற்ற முடியும். ஆகவே அந்த இறக்கம் எதற்கும் சான்றாகாது. இத்துறையில் அனுபவம் மிக்க பலர் சேர்ந்து 2022இல் 'நேச்சர் மெட்டபாலிசம்' இதழில் வெளியிட்ட அளவீட்டு வழிகாட்டுதலும் இவ்வாறே எச்சரிக்கிறது.

ரத்தக்குழாயைப் பொறுத்தவரை எந்த மூலக்கூறு, எந்த இடத்தில் என்பதே கேள்வி. சூப்பர்ஆக்சைடு, குழாயை விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடைச் சந்தித்த கணமே பெராக்சிநைட்ரைட்டாக மாறுகிறது; அது டெட்ராஹைட்ரோபயோப்டெரினை ஆக்சிஜனேற்றுகிறது; அந்தத் துணைக்காரணியை இழந்தபின், நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதி அதற்குப் பதிலாகச் சூப்பர்ஆக்சைடையே வெளியிடத் தொடங்குகிறது. குழாய் விரிய மறுப்பது இந்தச் சுழற்சியால்தான். சூப்பர்ஆக்சைடு வருவது மைட்டோகாண்ட்ரியாவிலிருந்தா, என்.ஏ.டி.பி.எச். ஆக்சிடேஸ் நொதியிலிருந்தா, நிலைகுலைந்த அந்த நொதியிலிருந்தா என்று பச்சை ஒளிர்வு ஒருநாளும் சொல்லாது. சூப்பர்ஆக்சைடைத் தேடுபவர் ஹைட்ரோஎதிடின் சாயத்தைப் பயன்படுத்தி, சூப்பர்ஆக்சைடோடு அது வினைபுரிந்து உண்டாகும் 2-ஹைட்ராக்சிஎதிடியத்தை எச்.பி.எல்.சி. கருவியில் பிரித்து அளக்க வேண்டும். சிவப்பு ஒளிர்வை மட்டும் படமெடுத்தால் பழைய குழியில்தான் விழுவார். பெராக்சைடைத் தேடுபவர் கேட்டலேஸ் நொதியைச் செல்லுக்குள் செலுத்தி, ஒளிர்வு மறைகிறதா என்று பார்க்க வேண்டும். செல் இல்லாத குழிகள் ஒவ்வொரு தட்டிலும் இருக்க வேண்டும்.

கட்டுப்பாட்டுச் செல்களுக்கு ஏற்கெனவே நீரிழிவு இருப்பது

பல செல்வரிசைகளை லிட்டருக்கு 25 மில்லிமோல் குளுக்கோஸ் உள்ள ஊடகத்தில் வாரக்கணக்கில் வளர்த்துவிட்டு, சோதனைக்கு முந்தைய நாள் மட்டும் 5.5 மில்லிமோலுக்கு மாற்றி, அதைச் 'சாதாரணம்' என்கிறார்கள். 25 மில்லிமோல் என்பது டெசிலிட்டருக்கு 450 மில்லிகிராம். செல்கள் பழைய சர்க்கரையை அவ்வளவு விரைவில் மறப்பதில்லை. மனிதர்களிலும் இதைக் காண்கிறோம்: முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரைக் கொண்டு 1993இல் முடிந்த டி.சி.சி.டி. ஆய்வில் சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்திய குழு, வழக்கமான சிகிச்சை பெற்ற குழு என இரண்டு இருந்தன; ஆய்வுக்குப் பின் இரு குழுவினரின் சர்க்கரை அளவும் ஒன்றுபோல் ஆகிவிட்ட போதிலும், முன்பு கண்டிப்பான கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்குச் சிக்கல்கள் பல ஆண்டுகள் குறைவாகவே இருந்தன.

மேனிட்டாலை மறப்பது

அதிகக் குளுக்கோஸ் ஊடகத்தின் ஊடுபரவல் அழுத்தத்தையும் கூட்டுகிறது; அந்த விளைவைப் பிரித்தறிய, குளுக்கோஸுக்குப் பதில் அதே செறிவில் மேனிட்டால் சேர்த்த கட்டுப்பாடு இல்லாத முடிவை நான் படிப்பதில்லை.

சிவந்த பிளாஸ்மாவை அளப்பது

சிவப்பணு உடைந்த மாதிரியில், கொழுப்பின் ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் காட்டும் மாலோண்டைஆல்டிஹைடு அளவு பொய் சொல்லும், கொட்டிவிடுங்கள்.

தட்டிலிருந்து வைட்டமின் மாத்திரைக்குத் தாவுவது

செல் சோதனை முடிந்த கையோடு, ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகள் நோயாளிகளைக் காக்கும் என்று கடைசிப் பத்தியில் எழுதும் வழக்கம் இன்னும் நிற்கவில்லை. 2000இல் வெளியான ஹோப் ஆய்வில் 9,000க்கும் மேற்பட்டோர் ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் பங்கேற்றனர். நாளொன்றுக்கு 400 அலகு வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. சூப்பர்ஆக்சைடு நைட்ரிக் ஆக்சைடோடு வினைபுரியும் வேகத்தை ஒரு வைட்டமினால் முந்த முடியாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று.

இடுக்கி செய்ததை நீரிழிவின் தலையில் கட்டுவது

அசிட்டைல்கோலின் கொடுத்தால் பெருநாடி விரிவதற்கு உட்சுவர் அடுக்கு வேண்டும் என்று அமெரிக்க மருந்தியலாளர் ராபர்ட் ஃபர்ச்காட் 1980இல் காட்டினார். அதற்கு முன் அவருடைய பெருநாடிப் பட்டைகள் விரியாததற்குக் காரணம், தயாரிக்கும்போது அந்த அடுக்கு உரசலில் போய்விட்டதே. நீரிழிவுள்ள எலியின் பெருநாடியிலிருந்து வெட்டிய வளையம் விரியவில்லை என்றால் நம் கையையும் சந்தேகிக்க வேண்டும். உட்சுவர் அடுக்கின் உதவியின்றியே தசையைத் தளர்த்தும் நைட்ரோபுருசைடு கொடுத்தபின் அது விரிந்தால் தசை நலமாயிருக்கிறது என்று மட்டுமே தெரியும். அடுக்கு இருந்ததா என்பதைச் சோதனைக்குப் பின் சாயமேற்றி உருப்பெருக்கியில்தான் பார்க்க வேண்டும். எங்களிடம் இப்போது வளையங்களை வெட்டுபவருக்கு எலியின் எண் மட்டுமே தெரியும். அது எந்தக் கூண்டிலிருந்து வந்தது என்பதை வேறொருவர் பூட்டி வைத்திருக்கிறார்.