அடிவாங்கும் விலங்கு கண்ணில் பட்டால்: அடிப்பவரையும் சேர்த்துப் பார்ப்பது எப்படி

விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதாகப் புகார் வரும் இடங்களுக்கு ஒரு தொண்டராகப் பல வருடங்களாகப் போய்வருகிறேன். நான் பார்த்தவரையில், நாய் பட்டினி கிடக்கிற வீட்டில் நாய் மட்டுமே பட்டினி கிடப்பது அபூர்வம். அதற்காக, வறுமைதான் கொடுமைக்குக் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தான் சாப்பிடாமல் மாட்டுக்குப் போட்டவர்களையும், எல்லா வசதியும் இருந்தும் நாயைப் பால்கனியில் காயவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். விலங்கு படும் பாட்டுக்குப் பின்னால் ஒரு மனித அவலம் இருக்கலாம். அதைக் கவனிக்காமல் விலங்கை மட்டும் மீட்டுக்கொண்டு வந்தால் அந்த வீட்டுக்கு அடுத்த விலங்கு வந்து சேரும்.

கண்ணெதிரிலேயே ஒருவர் அடித்துக்கொண்டிருந்தால் பாய்ந்து கம்பைப் பிடுங்காதீர்கள். அடுத்த அடி உங்களுக்கு விழலாம், நீங்கள் போன பிறகு விலங்குக்கு இரட்டிப்பாக விழலாம். சற்றுத் தள்ளி நின்று, சம்பந்தமே இல்லாத ஒரு கேள்வி கேளுங்கள். வழி கேட்கலாம், மணி கேட்கலாம். பதில் சொல்வதற்காகத் திரும்பும்போது ஓங்கிய கை பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். கையில் ஆயுதம் இருந்தாலோ, ஆள் நிதானத்தில் இல்லாவிட்டாலோ இதெல்லாம் வேண்டாம். விலகி வந்து காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

அப்புறம், பேசுவதற்கு முன்னால் பாருங்கள். 'ஐயோ பாவம், எலும்பும் தோலுமா இருக்கு' என்பது புகார் ஆகாது. கால்நடை மருத்துவர்கள் நாயின் உடல்வாகை 1 முதல் 9 வரை மதிப்பிடுவார்கள். 4 அல்லது 5 சரியான நிலை, 1 என்றால் எலும்புக்கு மேல் சதையே இல்லை என்று பொருள். தொட்டால் விலா எலும்பு தட்டுப்படுவது நல்லதுதான். தூரத்திலிருந்தே விலா, முதுகெலும்பு, இடுப்பெலும்பு மூன்றும் துருத்திக்கொண்டு தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும். சடை நாய்களிடம் கண்ணை நம்ப முடியாது, கை வைத்துத்தான் சொல்ல முடியும். கழுத்துப்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அழுகல் நாற்றம் அடித்தால் பட்டை சதைக்குள் புதைந்திருக்கக்கூடும். நீங்களாக இழுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுத்து மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

நான் முதலில் பார்ப்பது தரையை. எப்போதும் சங்கிலியில் கிடக்கும் நாயைச் சுற்றி, அது நடந்து நடந்து புல் செத்துப்போய் ஒரு வட்டம் விழுந்திருக்கும். தண்ணீர்ப் பாத்திரம் அந்த வட்டத்துக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? நிழல் விழும் இடம் சங்கிலிக்கு எட்டுகிறதா? 'தண்ணி வச்சிருக்கோமே' என்று வீட்டுக்காரர் சத்தியம் செய்வார். அவர் சொல்வது பொய்யாக இருக்காது. ஆனால் பாத்திரம் வட்டத்துக்கு ஒரு முழம் வெளியே இருக்கும்.

பட்டினி கிடந்த நாய்க்கு வயிறு நிறையப் போட்டுவிடாதீர்கள். நெடுநாள் உணவில்லாத உடம்பில் ஒரேயடியாகச் சாப்பாடு இறங்கினால் ரத்தத்தில் தாது உப்புகளின் அளவு தாறுமாறாகி உயிரே போகலாம். மருத்துவர் பார்க்கும்வரை தண்ணீரும், சிறிது சிறிதாக உணவும் போதும்.

இனி மனிதர்கள் பக்கம். கதவருகே பிரிக்காத தபால்கள் குவிந்திருக்கின்றனவா? யாராவது குரலை உயர்த்தினால் குழந்தை ஒடுங்கிக்கொள்கிறதா? ஒரே ஒருவர் மட்டும் எல்லோருக்குமாகப் பதில் சொல்கிறாரா? அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் குற்றப் பதிவுகளில் விலங்குவதையை 2016 முதல் தனி வகையாகவே சேர்க்கிறது. விலங்கின் மேல் விழும் கை வீட்டு மனிதர்கள் மேலும் விழக்கூடும் என்பதும் அதற்கு ஒரு காரணம். தன்னை அடிக்கும் கணவனைவிட்டுப் போகாமல், 'நான் போனா இதை யார் காப்பாத்துவா' என்று பூனைக்காகத் தங்கிவிடும் பெண்கள் உண்டு. 'உங்களை அடிக்கிறாரா' என்று கேட்டால் பதில் வராது. 'பூனை யாரைப் பார்த்தா ஓடி ஒளியுது?' என்று கேட்டால் வரும். கணவன் இருக்கும்போது கேட்காதீர்கள். பூனையைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ள ஓர் ஆளைப் பிடித்துக் கொடுப்பதே அந்தப் பெண்ணுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவியாக இருக்கலாம்.

பேச்சைத் தொடங்கும்போது சட்டத்தை எடுக்காதீர்கள், விலங்கின் பெயரைக் கேளுங்கள். செங்கல் சுமக்கும் கழுதை ஒன்றின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண் என்று புகார் வந்தது. போனேன். ஈ மொய்த்தது, சாக்கு புண்ணோடு ஒட்டியிருந்தது. உரிமையாளர் முறைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இதுக்குப் பேரு வச்சிருக்கீங்களா?" என்றேன்.

சிறிது நேரம் பேசவில்லை. அப்புறம், "ராணி" என்றார். "வைத்தியம் பார்க்கணும்னு எனக்குத் தெரியாதாம்மா? நடைக்குத்தான் கூலி. அது படுத்துட்டா நானும் படுத்துட்டேன்னு அர்த்தம்." சொல்லிக்கொண்டே சட்டையை விலக்கிக் காட்டினார். ராணியால் முடியாத நாளில் அவரே சுமந்திருக்கிறார். தோளில் தோல் உரிந்து காய்த்துப் போயிருந்தது.

இந்த இடத்தில் உபதேசம் எடுபடாது, கணக்குதான் எடுபடும். பாரம் இறங்காமல் அந்தப் புண் ஆறாது. ஆறாவிட்டால் சீழ் பிடித்து, கடைசியில் கழுதையும் இல்லை, கூலியும் இல்லை. கூட வேலை செய்பவர் ஒருவரின் கழுதையை மாற்றி மாற்றிப் பயன்படுத்த முடியுமா, இரண்டு பக்கமும் எடை சமமாக ஏற்றுகிறார்களா, சாக்குக்குப் பதில் முதுகெலும்பில் அழுந்தாத தடிமனான மெத்தை போட முடியுமா என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பேசினோம். மருந்தை நான் கொண்டுபோனேன். அவர் தோளுக்கும் சேர்த்துத்தான்.

எல்லோரிடமும் இப்படிப் பேச முடியாது. வேடிக்கைக்காக வாலில் தீ வைப்பவனிடம் அவன் கஷ்டத்தைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. நேராகப் புகார்தான். அதைச் செய்தது சிறுவன் என்றால் மட்டும் இன்னொரு வேலை இருக்கிறது. கைக்குழந்தை பூனை வாலை இழுப்பது விவரம் தெரியாமல். கையைப் பிடித்துத் தடவச் சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும். ஓரளவு வளர்ந்த பிள்ளை, மறைந்திருந்து, திரும்பத் திரும்பச் செய்தால் அவனை யார் என்ன செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். விலங்குகளைத் துன்புறுத்துவதை, பிள்ளைகளின் நடத்தைக் கோளாறுக்கான அறிகுறிகளில் ஒன்றாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1987லேயே சேர்த்துவிட்டது. பிரம்பை எடுப்பதற்குப் பதில் மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

வீடு முழுக்கப் பூனைகளைச் சேர்த்துவைத்து, எதற்கும் சோறு போட முடியாமல் தவிப்பவர்கள் இன்னொரு ரகம். அவர்கள் கண்ணுக்கு அங்கே கொடுமையே தெரியாது. தான் காப்பாற்றுவதாகத்தான் நம்புவார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தால் மறுபடி சேர்ப்பது மிகச் சகஜம். மனநல உதவியும் கூடவே போக வேண்டும்.

இந்த வேலையில் இறங்கினால் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: "மனுஷனே செத்துக்கிட்டிருக்கான், உனக்கு நாய்தான் முக்கியமா?" சண்டை போடாதீர்கள், வரலாற்றைச் சொல்லுங்கள். 1824இல் லண்டனில் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ், அடிமை வணிகத்தை ஒழிக்கப் போராடியவர். நியூயார்க்கில் 1866இல் இதேபோன்ற சங்கத்தைத் தொடங்கியவர் ஹென்றி பெர்க். வளர்ப்புத் தாயிடம் அடிபட்டுக்கொண்டிருந்த மேரி எலன் என்ற சிறுமிக்காக 1874இல் எட்டா வீலர் என்ற பெண் பல கதவுகளைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் வந்தது பெர்க்கிடம்தான். சிறுமியை விலங்கு என்று சொல்லித்தான் மீட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அது உண்மையில்லை, மனிதர்களுக்கான சட்டத்தில்தான் வழக்கு நடந்தது. வளர்ப்புத் தாய்க்கு ஓராண்டுச் சிறை. அந்த வழக்கிலிருந்துதான் குழந்தைகளுக்கான முதல் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. கழுதைக்காகப் பேசியவர்கள்தான் குழந்தைக்காகவும் கோர்ட்டுக்குப் போனார்கள்.

பேச்சு பலிக்காவிட்டால் புகார். வீடியோ எடுத்தால் வெட்டாமல், இடம் அடையாளம் தெரிகிற மாதிரி எடுங்கள். தேதி, நேரத்தை அன்றே எழுதிவையுங்கள். அடுத்தவர் வீட்டுக்குள் ஏறிக் குதிக்காதீர்கள். முகத்தோடு சமூக வலைதளத்தில் போடவும் வேண்டாம். திட்டுவதற்குக் கூட்டம் சேரும், அதற்குள் விலங்கை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள், வழக்கு பிசுபிசுத்துவிடும். விலங்கைப் பற்றி ஒரு புகார், அந்த வீட்டில் குழந்தையோ முதியவரோ ஆபத்தில் இருந்தால் அவர்களுக்கான துறைக்குத் தனியாக இன்னொன்று. ஒரே கடிதத்தில் இரண்டையும் எழுதினால் 'இது எங்கள் வேலை இல்லை' என்று ஆளுக்கொரு பக்கம் தள்ளிவிடுவார்கள்.

ஒரு வாரம் கழித்து மறுபடி போய்ப் பாருங்கள். கழுத்துப்பட்டையில் விரலை நுழைத்துப் பாருங்கள், பாத்திரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்களா என்றும் கேளுங்கள்.