களை மருந்து அடிக்கும்போது மூக்கைக் கட்டுகிறோம், இடுப்பை மறந்துவிடுகிறோம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தென்னந்தோப்பில் களை மருந்து அடிக்கிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். முகத்தில் துண்டை இறுக்கிக் கட்டியிருப்பார்கள். கைலி முழங்காலுக்கு மேல் ஏறியிருக்கும், கையில் உறை இருக்காது. மருந்து மூச்சு வழியாகத்தான் உள்ளே போகும் என்ற நினைப்பு. ஆனால் கைத்தெளிப்பானில் இருந்து வருவதில் பெரும்பகுதி கனமான துளிகள். மூக்கில் ஏறுவதைவிடத் தோலிலும் துணியிலும் படிவதுதான் மிக அதிகம்.

தோலின் மேலடுக்கு செத்த செல்களால் ஆனது, இடையிடையே கொழுப்பு. அந்தக் கொழுப்பு வழியாகத்தான் மருந்து மெல்ல ஊறி ரத்தத்துக்குப் போகிறது. எண்ணெய்த் தன்மை உள்ளவை சுலபமாக இறங்கும். 2,4-டி என்ற களை மருந்தில் எஸ்டர் என்ற வகை அப்படிப்பட்டது. வேர்வையில் ஊறிய தோல் இன்னும் இடம் கொடுக்கும்.

எல்லா இடத்துத் தோலும் ஒன்றல்ல. 1971இல் தோல் மருத்துவர் ஹோவர்ட் மைபாக் குழுவினர் பாரத்தியான் என்ற பூச்சிமருந்தை மனிதர்களின் உடலில் வெவ்வேறு இடங்களில் தடவி அளந்தார்கள். முன்கையில் சுமார் 9 சதவீதம், நெற்றியில் 36 சதவீதம் உள்ளே போனது. விதைப்பையில் கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது. மருந்துக்கு மருந்து அளவு மாறும். ஆனால் மெல்லிய தோல் அதிகம் உறிஞ்சும் என்பது மாறாது. இப்போது முதுகில் ஒழுகும் டேங்கை நினைத்துப் பாருங்கள். மூடி சரியாக இறுகாமல் வழிகிற நீர் இடுப்பில் இறங்கி, கைலியையும் உள்ளாடையையும் நனைக்கிறது. ஈரத் துணி தோலோடு ஒட்டி மணிக்கணக்கில் கிடக்கிறது. என்னைக் கேட்டால் நாம் செய்வதிலேயே பெரிய தவறு இதுதான். வாஷர் மாற்றச் சில ரூபாய்தான் ஆகும். துணி நனைந்தால் வேலை முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கழற்றிக் கழுவ வேண்டும்.

அடுத்தது கலக்கும் நேரம். 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி ஊற்றுகிறோம் என்றால், பாட்டிலில் இருப்பது டேங்கில் இருப்பதைவிட சுமார் நூறு மடங்கு கெட்டி. அதை மூடியில் அளந்து, வெறுங்கையால் கலக்குகிறோம். ரப்பர் அல்லது நைட்ரைல் உறை போடுங்கள். துணி உறை வேண்டாம், அது மருந்தைக் குடித்துக்கொண்டு கையோடு ஒட்டியே இருக்கும். கழற்றும் முன் உறையின் வெளிப்புறத்தை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், இல்லையென்றால் கழற்றும்போதே கையில் ஒட்டிவிடும்.

“எரியவே இல்லை, அதனால் ஒன்றும் ஆகாது” என்பது அடிக்கடி கேட்கிற பேச்சு. எரிச்சல் வேறு, உறிஞ்சுவது வேறு. எந்த உணர்வும் இல்லாமலே மருந்து இறங்கும். அதனால்தான் வீட்டுக்குப் போய்க் குளித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. பட்ட இடத்தை அங்கேயே சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். கல்லாலோ தேங்காய் நாராலோ தேய்த்தால் தோல் உரிந்து மருந்துக்கு வழிதான் கிடைக்கும். காலையில் சவரம் செய்த முகம், கால் வெடிப்பு, அரிவாள் கீறல் எல்லாமே அப்படித்தான்.

மருந்து அடித்த துணியைத் தனியாக, உறை போட்டுத் துவையுங்கள். துவைப்பது வீட்டுப் பெண்கள் என்றால் அவர்கள் கையிலும் அதே மருந்துதான் ஏறும்.

பாராகுவாட் என்ற களை மருந்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கேரளம் அதை 2011இல் தடை செய்தது. நல்ல தோலில் அது அதிகம் இறங்காது. புண் உள்ள தோலில், அல்லது நனைந்த துணியோடு நீண்ட நேரம் இருந்தால் உயிரையே எடுக்கும். முறிமருந்து கிடையாது, நுரையீரல் சில நாள் கழித்துக்கூட கெடும். அது பட்டது என்று சந்தேகம் இருந்தால், கழுவிய கையோடு, உடம்புக்கு ஒன்றுமில்லை என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாட்டிலை எடுத்துப் போங்கள். மருந்தை வேறு தண்ணீர் பாட்டிலில் மாற்றி வைத்திருந்தால், என்ன மருந்து என்று டாக்டருக்குச் சொல்ல உங்களிடம் லேபிளே இருக்காது.